எண்ணும் ஓர் அமானிதமே
உலோகப் புடைப்புச் சிற்பமும் சென்னைத் தகட்டுச் சிற்பிகளும்

கடலூரில் வணிகம் செய்துவரும் நம் பழைய மாணவர் ஒருவர், புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நம்மை அழைத்திருந்தார். விருந்து முடிந்தபின் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஓர் உலோகப் பலகையின் முன்னே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு முழ அகலம் இருக்கும். செம்பு நிறத்தின் நடுவே ஆங்காங்கே களிம்புப் பச்சை. மேடுகளும் பள்ளங்களும், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் செல்லும் வளைவுகளும் இருந்தன. முகம் இல்லை, விலங்கு இல்லை, மரமும் இல்லை. கீழ் மூலையில் ஒரு கையொப்பமும், அதனருகே 7/25 என்ற எண்ணும் கீறப்பட்டிருந்தன.

"ஹஜ்ரத், இதில் உருவம் ஏதும் இல்லை. ஆனாலும் சிற்பம் என்கிறார்கள். மொத்தம் இருபத்தைந்துதான் செய்தார்களாம். அதனால் விலையும் அதிகம். இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? கொடுத்த விலைதான் தகுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு வினாக்கள். முதலாவது மார்க்கச் சட்டத்தைச் சார்ந்தது. இரண்டாவது கலைத் திறனாய்வையும் வணிக நேர்மையையும் ஒருங்கே சார்ந்தது. முதல் வினாவுக்கு விடை தேட நம்மிடம் நூல்களும் அறிஞர்களும் உண்டு. இரண்டாவதை நம் சமுதாயம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சிற்பம் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்; அல்லது வசதி வந்ததும், பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே விலை கொடுத்து வாங்கி மாட்டிவிடுகிறோம். இக்கட்டுரை அந்த இரண்டாம் வினாவைப் பற்றியது.

உருவமும் அருவமும்

முதல் வினாவைச் சுருக்கமாகக் கடந்துவிடுவோம். உருவங்கள் செய்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றி வினவியபோது, செய்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள்ளும்படி அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. உயிருள்ளதன் உருவத்துக்கும் உயிரற்றதன் வடிவத்துக்கும் இடையே சட்ட அறிஞர்கள் வகுத்த வேறுபாடு இத்தகைய செய்திகளை அடியொற்றியதே. நம் மாணவர் வீட்டுப் பலகையில் உயிருள்ள எதனுடைய சாயலும் இல்லை. இதற்குமேல் ஐயமுடையோர் தத்தம் ஊர் முஃப்திகளை அணுகுவதே முறை.

ஆனால் 'உருவம் இல்லை' என்பது ஒரு படைப்பைத் தடையிலிருந்து விலக்கலாமே தவிர, அதை நல்ல படைப்பாக ஆக்கிவிடாது. அருவச் சிற்பம் எதையும் போலச் செய்வதில்லை. ஆகவே 'அச்சு அசலாக இருக்கிறது' என்ற எளிய பாராட்டுக்கு அங்கே இடமில்லை. உலோகம் எவ்வாறு வளைந்தது, ஒளி எங்கே தங்கி எங்கே வழுக்கிச் செல்கிறது, வெற்றிடம் எவ்வளவு விடப்பட்டிருக்கிறது, கை எங்கே நின்றது என்பவற்றை மட்டுமே வைத்து அதை மதிப்பிட வேண்டும். அரபு எழுத்தணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதன்று. அலிஃபின் உயரத்தையும் நூனின் குழிவையும் அளவறிந்து சுவைப்பவர், பொருள் தெரிவதற்கு முன்பே வடிவத்தைச் சுவைக்கத் தொடங்கிவிடுகிறார்.

சிதம்பரம் இதற்கு நல்ல சான்று. நம் கொள்கை வேறு. அவ்வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. ஆயினும் கலை வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வூரைக் கடந்துபோக இயலாது. வார்த்தெடுத்த உலோக உருவங்களுள் உலகப் புகழ் பெற்ற ஆடல்வல்லான் வடிவத்துக்கு உரிய ஊர் அது. அதே சன்னிதியில், திரைக்குப் பின்னே, பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெற்றிடத்தை 'ரகசியம்' என்று காட்டுகிறார்கள். உருவத்தின் உச்சமும் உருவமின்மையும் அருகருகே வைத்து எண்ணப்பட்ட நிலம் இது. அருவம் என்பது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று இங்கே யாரும் சொல்ல இயலாது.

தட்டியெழுப்பிய செம்பு

தமிழகத்தில் நவீன உலோகப் புடைப்புச் சிற்பம் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய முதற்பெயர் பி.வி. ஜானகிராம் (1930–1995). 1850ல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். அப்பள்ளிக்குத் தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் தலைமையேற்ற கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), மாணவர்களையும் உடன் பணியாற்றியோரையும் சேர்த்துக்கொண்டு 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். கைவினைப் பொருள்களை விற்று வந்த வருவாயைக் கொண்டு, கலைஞர்களே நிலம் வாங்கி அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. கடலூரிலிருந்து புதுச்சேரி, மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குச் செல்வோர் அதன் வாயிலைக் கடந்துதான் போகிறார்கள். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு கடந்துபோனவர்களே. அங்குள்ள சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து பார்த்தபிறகுதான் இவ்வளவு காலம் எதைத் தவறவிட்டோம் என்பது விளங்கிற்று.

ஜானகிராம் உலோகத்தை வார்ப்பதை விட்டுத் தகட்டைக் கையிலெடுத்தார். கோயில்களில் கற்சிலைகளுக்குச் சாத்தும் கவசங்கள், செம்பு அல்லது வெள்ளித் தகட்டைத் தட்டி உருவாக்கப்படுபவை. தகட்டை அரக்குப் படுகையின்மேல் வைத்துப் பின்புறமிருந்து சிறு உளிகளால் தட்டுவார்கள். முன்புறம் மேடு எழும். பிறகு திருப்பிவைத்து முன்புறமிருந்து கோடுகளைத் தெளிவாக்குவார்கள். சுத்தியல் அடி விழ விழச் செம்பு இறுகிவிடும். மேலும் அடித்தால் கிழியும். எனவே அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்து இளக்க வேண்டும். அடி, நெருப்பு, மீண்டும் அடி என்றே வேலை நகரும். இத்தொழில்நுட்பத்தை ஜானகிராம் நவீனச் சிற்பத்துக்குள் கொண்டுவந்தார். கவசம் கல்லின் வடிவத்துக்குக் கட்டுப்பட்டது. அவர் கல்லை நீக்கிவிட்டுத் தகட்டைத் தனியே நிற்கவைத்தார். அதன்மீது கம்பிகளைப் பற்றவைத்துக் கோடுகளாக்கினார். பின்னே ஒன்றுமில்லை; முன்னிருந்து மட்டுமே பார்க்கத்தக்க சிற்பம். இவ்வகையை 'முகப்புச் சிற்பம்' எனலாம். புடைப்புச் சிற்பத்துக்கும் தனிச்சிலைக்கும் நடுவில் நிற்பது இது. சுவரில் ஒட்டாத சுவர்ச் சிற்பம் என்றும் சொல்லலாம்.

அவருக்குப் பின் இவ்வகையைப் பெரிதாக வளர்த்தவர் பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017). இயற்பியலில் பட்டம் பெற்றபின் ஓவியம் பயின்று சிற்பத்துக்கு வந்தவர். செம்பையும் பித்தளையையும் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வெள்ளி முலாமும் வண்ண எனாமலும் சேர்த்து உயர்ந்த முகப்புச் சிற்பங்களை எழுப்பினார். ஜானகிராமின் தகடு உடலைப் போல மெல்ல மூச்சுவிடுவது. நந்தகோபாலின் உலோகம் கொடியைப் போல மேல்நோக்கிப் படர்வது. ஜானகிராமிடம் பரப்பு முதன்மை பெறுகிறது. நந்தகோபாலிடம் கோடு முதன்மை பெறுகிறது.

இவர்களின் படைப்புகள் முற்றிலும் அருவமானவை அல்ல என்பதை மறைக்கக் கூடாது. இந்துத் தொன்மங்களின் பாத்திரங்கள் இருவரிடமும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜானகிராம் ஏசுவின் உருவத்தையும் பலமுறை கையாண்டார். ஆனால் அவ்வுருவங்கள் வழிபாட்டுக்கு உரியவையாகச் செய்யப்படவில்லை. உருவம் ஒரு தொடக்கமாக மட்டும் நிற்கிறது. கண் அதிலிருந்து புறப்பட்டுத் தகட்டின் நெளிவுக்கும் கம்பியின் ஓட்டத்துக்கும் போய்விடுகிறது. முழு அருவத்தை நோக்கிய பாதையில் பாதித் தொலைவு நடந்து நின்ற கலை இது. மீதித் தொலைவை அவர்களுக்கு முன்பே தம் ஓவியத்தில் நடந்து காட்டியவர் பணிக்கர். 1960களில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில், மலையாள எழுத்தைப் போல் தோன்றி எந்தச் சொல்லாகவும் வாசிக்க இயலாத வரிவடிவங்கள் பரப்பை நிறைக்கின்றன. அதே காலத்தில், 1965ல், ஈரானியச் சிற்பி பர்வீஸ் தனாவோலி (பிறப்பு 1937) 'ஹீச்', அதாவது 'ஒன்றுமில்லை' என்ற பாரசீகச் சொல்லையே சிற்பமாக்கத் தொடங்கினார். ஒருவர் எழுத்திலிருந்து பொருளை நீக்கினார். மற்றவர் 'ஒன்றுமில்லை' என்ற பொருளுக்கு எழுத்தால் உடல் தந்தார். ஒருவரையொருவர் பாராமலே இருவரும் எழுத்தின் வடிவத்தில் அருவக் கலைக்கு வழி கண்டது, எழுத்தணியைப் போற்றும் நமக்குச் சிந்திக்கத்தக்கது.

குறையும் உண்டு. இவ்வகைச் சிற்பத்தின் வலிமையாகிய நுண்வேலையே அதன் பலவீனமாகவும் ஆகிவிடுகிறது. கம்பியின்மேல் கம்பியும், மணியின்மேல் மணியும் ஏறும்போது சிற்பம் நகையாகிவிடுகிறது. நந்தகோபாலின் சில படைப்புகளில் ஒளி தங்குவதற்கு இடமே இல்லாத அளவுக்கு அலங்காரம் நெருக்குகிறது. பிற்காலத்தில் இவ்வகையைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது இந்த அலங்காரத்தை மட்டுமே. விடுதி முகப்புகளிலும் வரவேற்பறைகளிலும் இன்று காணும் உலோகச் சுவரணிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

அச்சும் எண்ணும்

இனி, நம் மாணவர் வீட்டுப் பலகையிலிருந்த 7/25 என்ற எண்ணுக்கு வருவோம்.

தட்டியெழுப்பிய தகட்டுக்கு எண் தேவையில்லை. ஒவ்வோர் அடியும் ஒருமுறைதான் விழுகிறது. அதே சிற்பி அதே வடிவத்தை மறுபடி தட்டினாலும் வருவது வேறொன்றே. சுவாமிமலையில் இன்றும் வழங்கும் வார்ப்பு முறையும் அத்தகையதே. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண்ணை உடைக்கிறார்கள். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. ஒன்றுக்கு ஒன்றுதான்.

மேல்நாட்டு முறை வேறு. சிற்பி களிமண்ணிலோ சாந்திலோ மூலத்தைச் செய்து, அதிலிருந்து பலமுறை பயன்படும் அச்சொன்றை எடுக்கிறார். அந்த அச்சிலிருந்து எத்தனை மெழுகுப் படிகள் வேண்டுமானாலும் எடுத்து வார்க்கலாம். இங்கேதான் எண்ணின் தேவை பிறக்கிறது. '7/25' என்றால், இது இருபத்தைந்து படிகளில் ஏழாவது என்பது மட்டும் பொருளன்று. இருபத்தாறாவது வராது என்பதே அதன் உட்பொருள். அச்சு உடையாத இடத்தில், சிற்பி தம் நாவால் அதை உடைக்கிறார். அந்த எண் ஒரு வாக்குறுதி. நம் சொல்லில் கூறினால், ஓர் அமானிதம்.

இந்த வாக்குறுதி எவ்வளவு மென்மையானது என்பதற்குச் சான்று பிரான்சின் ரோதான். அவருடைய 'நரகத்தின் வாயில்கள்' என்ற மாபெரும் புடைப்புச் சிற்பத்துக்கு 1880ல் ஆணை பெற்றார். 1917ல் அவர் இறக்கும்வரை அது வெண்கலத்தில் வார்க்கப்படவே இல்லை. இறப்பதற்கு முந்தைய ஆண்டு தம் படைப்புகளையும் அவற்றை வார்க்கும் உரிமையையும் அரசுக்கு வழங்கினார். இன்று உலகின் பல நகரங்களில் நிற்கும் 'வாயில்கள்' அனைத்தும் அவர் கண்ணால் காணாத வார்ப்புகள். சட்டப்படி அவை மூலங்களே. பிரான்சில் ஒரு சிற்பத்துக்கு எண்ணிட்ட எட்டுப் படிகள், சிற்பிக்கு உரிய நான்கு படிகள் எனப் பன்னிரண்டு வரை மூலமாகக் கொள்ளப்படும். சட்டம் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்துவிட்டது. ஆனால் சிற்பியின் கை படாத ஒன்றில் அவர் கையின் தடம் எவ்வளவு இருக்கும் என்ற வினாவுக்குச் சட்டத்தால் விடை கூற இயலாது.

சந்தையோ அருமையையே மதிப்பாக எண்ணுகிறது. 2008ல் துபாய் ஏலத்தில், தனாவோலியின் 'சுவர் (ஓ பெர்சபோலிஸ்)' என்ற வெண்கலப் படைப்பு 28 லட்சம் டாலருக்கும் மேலாக விலைபோயிற்று. அரபுலகச் செல்வர்கள் நவீனச் சிற்பத்தை நாடத் தொடங்கியதன் அடையாளமாக அது பேசப்பட்டது. அப்படைப்பின் சிறப்பு அதன் பரப்பெங்கும் செதுக்கப்பட்ட, வாசிக்க இயலாத தொல்லெழுத்துப் போன்ற வடிவங்களில் இருக்கிறது, விலையில் இல்லை. குறைவாக இருப்பதெல்லாம் நல்லது என்றால், கெட்டுப்போன வார்ப்பே எல்லாவற்றிலும் அரியது ஆகிவிடும்.

பெயர் பெற்ற கைகள்

நம் மரபு இதை எவ்வாறு கண்டது? புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிதாஜ் அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயரமுள்ள வாளியொன்று உள்ளது. ஹிஜ்ரி 559 முஹர்ரம் மாதத்தில், அதாவது 1163 டிசம்பரில், ஹிராத் நகரில் செய்யப்பட்டது. உலோகத்தில் வார்த்து, செம்பும் வெள்ளியும் இழைத்து, வரி வரியாக எழுத்தும் காட்சிகளும் நிரப்பப்பட்டது. அதில் பொறித்துள்ள செய்தி வியப்பூட்டுவது. செய்யச் சொன்னவர் பெயர் இருக்கிறது. வார்த்தவர் முஹம்மத் இப்னு அப்துல் வாஹித். இழைத்தவர் மஸ்ஊத் இப்னு அஹ்மத். வார்த்த கையும் இழைத்த கையும் தனித்தனியே பெயர் பெற்றிருக்கின்றன. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள மம்லூக் காலப் பித்தளைக் கலத்தில் முஹம்மத் இப்னு அல்ஸைன் என்ற கைவினைஞர் தம் பெயரை ஆறு இடங்களில் பொறித்திருக்கிறார். இவ்விரு பொருள்களிலும் மனித உருவங்கள் நிறைந்திருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் கலை வரலாறு நாம் மேடைகளில் பேசுவது போல் ஒற்றை நிறம் கொண்டதன்று.

இவற்றோடு ஒப்பிட்டால் இக்காலச் சிற்பத்தின் ஒரு குறை தெளிவாகும். எண்ணிட்ட வார்ப்புப் படியில் சிற்பியின் கையொப்பம் மட்டுமே இருப்பது பெருவழக்கு. மேல்நாட்டில் வார்ப்பகத்தின் முத்திரை இடும் பழக்கமேனும் உண்டு; நம் நாட்டில் அதுவும் அரிது. மெழுகை நிரப்பியவர், உலோகத்தை உருக்கியவர், பிசிறு தேய்த்தவர், பச்சை ஏற்றியவர் யாருடைய பெயரும் இல்லை. ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத்தோடு தாமே மல்லுக்கட்டியவர்கள். ஆனால் அவர்கள் கைக்கொண்ட நுட்பத்தை வழிவழியாகக் காத்துத் தந்த கவசத் தொழிலாளரின் பெயர்களைக் கலை நூல்களில் காண்பது அரிது. 'மரபிலிருந்து எடுத்தார்' என்று எழுதும்போது, யாரிடமிருந்து எடுத்தார் என்பதையும் திறனாய்வு கேட்க வேண்டும்.

நம் கடற்கரைக்கும் உலோகத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. மஹ்மூது பந்தர் என்று முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டையில், 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்காலை தொடங்கினார். சேலத்துக் கனிமம் இங்கே வந்து உருகிற்று. ஆலை அந்த நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது. ஹீத்தின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. உலைமுன் நின்றவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

பின்புறம்

மாணவரிடம் பலகையைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னோம். முன்புறம் முழுவதும் சுத்தியல் அடிகளின் தடம் இருந்தது. திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் வார்ப்புப் பிசிறின் கோடு ஓடிற்று. தட்டிய தகடாயின் முன்னே பள்ளமான இடம் பின்னே மேடாகத் தெரிந்தே ஆகவேண்டும். ஆகவே இது வார்ப்பு. அடித் தடங்களும் அச்சிலிருந்து வந்தவை. ஒருமுறை அடித்ததை இருபத்தைந்து முறை காட்டுபவை. இது மோசடி என்று நாம் சொல்லவில்லை. வார்ப்பு என்று சொல்லி விற்றிருந்தால் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் 'கையால் தட்டியது' என்று சொல்லியே தமக்கு விற்றதாக மாணவர் கூறினார். பொருளின் குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எவ்வளவு கடிந்திருக்கிறது என்பதை வணிகரான அவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

"தம்பி, விற்றவரிடம் மூன்று கேளுங்கள். வார்த்தவர் யார்? மூல அச்சு இப்போது யாரிடம் இருக்கிறது? சிற்பி ஒவ்வொரு படியையும் கண்டு ஒப்பினாரா?" என்றோம். மறுவாரம் அவர் தொலைபேசியில் கூறிய விடை: மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை. பலகையைத் திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்பதை அவர் முடிவுக்கே விட்டோம். வளைவுகள் அழகானவையே, மாலை ஒளியில் அந்தச் செம்பு உயிர்பெற்றதை நாமும் கண்டோம். தகாதது விலைக்குக் காரணமாகச் சொன்ன செய்திதான்.

விடைபெறும்போது அவருடைய தாயார் அடுக்களைப் பரணிலிருந்து ஒரு பழைய செம்புச் சஹனை எடுத்துவரச் செய்தார்கள். நான்கு பேர் சுற்றியமர்ந்து உண்ணும் அகலம். ஈயம் பூச ஆள் வராததால் பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்ததாம். விளிம்பில், அரபுத்தமிழ் எழுத்தில், புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். மாணவருடைய பாட்டனாரின் தந்தை பெயர் என்றார்கள். அடிப்புறத்தில் சுத்தியலின் தடங்கள் நடுவிலிருந்து விளிம்புவரை வட்டம் வட்டமாகச் சென்றன. செய்தவர் பெயர் அதிலும் இல்லை. ஆனால் அவர் அடித்த அடி ஒவ்வொன்றும் இருபுறமும் தெரிந்தது.

அதற்கு ஈயம் பூசுபவரைச் சிதம்பரத்தில் தேடித் தருவதாகச் சொல்லி வந்திருக்கிறோம். வல்லாஹு அஃலம்.